ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாதியைப் பற்றிக் கேளுங்கள்



நம் தூத்துக்குடிக் கடற்கரையில் கட்சிக்காரர்கள் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நாடார் ஓட்டு எத்தனை, பரதவர் ஓட்டு எத்தனை, பட்டியல் சாதி ஓட்டு எத்தனை, இஸ்லாமியர் ஓட்டு எத்தனை என்று கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுகிறார்கள். அதே ஆட்கள் மைக் முன்னால் வந்ததும் எங்களுக்குச் சாதியே கிடையாது என்கிறார்கள்.

கேட்டால் சட்டத்தைக் காட்டுகிறார்கள். மதம், இனம், சாதி, சமூகம், மொழி இவற்றின் பேரால் வாக்குக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி முறைகேடு. வேண்டிய சட்டம்தான். வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும் அது முறைகேடே என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட மூவருக்காகத் தீர்ப்பெழுதிய நீதிபதி சந்திரசூட், சாதியால் மக்கள் பட்ட அநீதியைத் தேர்தலில் பேசுவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை என்றார். "என் சாதிக்காரனுக்குப் போடு" என்பது வேறு. "எங்களுக்கு நடந்த அநியாயத்துக்கு உங்கள் பதில் என்ன" என்பது வேறு. பின்னதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேட்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? குமரி மாவட்டத்தில் பரதவரைக் குறிக்கும் பரவன் என்ற பெயர் பட்டியல் சாதியில் இருக்கிறது. தூத்துக்குடியில் இல்லை. கடல் ஒன்று, தொழில் ஒன்று! அங்கேயும், கிறிஸ்தவரானால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. மீனவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எத்தனை காலமாகக் கேட்கிறோம்!

இதையெல்லாம் தேர்தலில் வெளிப்படையாகப் பேச முடியுமா என்றால், முடியும். 2008 மார்ச் 18 அன்று, தேர்தல் களத்தின் நடுவில், அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஒபாமா பிலடெல்பியாவில் நிறவெறியைப் பற்றி நேராகப் பேசினார். கறுப்பரின் கோபத்தையும் வெள்ளையரின் ஆதங்கத்தையும் சேர்த்தே பேசினார். அந்த நேர்மை நமக்கும் வேண்டும். நம் தெருவைக் கூட்டுகிற குடும்பங்களை நாம் எங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதையும் இதே மேடையில் பேசியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு நம் குறையை மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்?

அடுத்த தேர்தலுக்கு வருகிறவரை மாலையோடு அனுப்பிவிடாதீர்கள். மீன் ஏலம் போடுகிற இடத்தில் நிறுத்துங்கள். உங்கள் கட்சி இந்தக் கடற்கரையில் எந்தச் சாதிக்கு எத்தனை முறை சீட்டுக் கொடுத்தது, எந்தச் சாதிக்கு ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை, ஏன் என்று கேளுங்கள். பெண்கள் முதலில் கேளுங்கள்.