ஓராண்டுக்குப் பிறகும் முகர வேண்டும்



1982-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ணா பெர்சாடும் ஜார்ஜ் டாடும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான், உணரிகளால் மணங்களைப் பிரித்தறியும் மின்னணு மூக்கின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். ஒரு மணத்துக்கு ஓர் உணரி என்று அவர்கள் தேடிப் போகவில்லை. பலவகை ஆவிகளுக்கும் ஏதோ ஓரளவு விடை தரும் மூன்று உணரிகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே மணங்களைப் பிரித்தறியலாம் என்று காட்டினார்கள். பாலூட்டிகளின் மூக்கில் உள்ள மண ஏற்பிகளின் மரபணுக்களை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் கண்டறிந்தது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1991-இல். 2004-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் செயல்படும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400தான். அவை சேர்ந்து தரும் விடையைக் கொண்டே நாம் அத்தனை மணங்களையும் அறிகிறோம். வார்விக்கின் அந்த எளிய மாதிரி சரியான திசையில்தான் போயிருந்தது.

இன்று இங்கே படிக்கப்படவிருக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை வெள்ளீய ஆக்சைடு உணரிகளைக் கையாள்கின்றன. ஜப்பானில் நவோயோஷி டாகுச்சி 1960-களில் உருவாக்கிய உணரி அது. சமையல் எரிவாயுக் கசிவை அறிவதற்காக வந்தது. அதை 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறோம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேற்பரப்பில் படிந்து எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்வதால் மின்தடை உயர்கிறது. ஆல்கஹால் போன்ற ஓர் ஆவி வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலெக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை இறங்குகிறது. மலிவானது, உறுதியானது. ஆனால் அதே மேற்பரப்பில் நீராவியும் வந்து உட்காரும். சிலிக்கோன் ஆவி பட்டால் மெல்ல மெல்லச் செயலிழக்கும். எதுவும் படாவிட்டாலும் நாளாக ஆக அதன் விடை நகர்ந்துகொண்டே போகும்.

இந்த நகர்வைப் பற்றித்தான் நான் இன்று அதிகம் பேச வேண்டும். கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் 16 உணரிகளை வைத்து ஆறு வாயுக்களை 36 மாதங்கள் அளந்து, 13,910 அளவீடுகளை உலகறியப் பொதுவில் வைத்தார்கள். முதல் சில மாதத் தரவில் பயிற்றுவித்த நிரல், பிந்தைய மாதங்களின் தரவைப் பார்த்ததும் தடுமாறுகிறது. வாயு மாறவில்லை, உணரி மாறிவிட்டது. நம் கட்டுரைகளிலோ ஒரே வாரத்தில் எடுத்த மாதிரிகளைக் குலுக்கி, ஒரு பகுதியில் பயிற்றுவித்து, மறுபகுதியில் சோதித்து, 98 விழுக்காடு துல்லியம் என்று எழுதிவிடுகிறோம். அந்த எண்ணில் பொய்யில்லை. ஆனால் அது அந்த வாரத்துக்கு, அந்த அறைக்கு மட்டும் உரிய எண்.

ஆகவே இந்த அவையின் முன் ஒரே ஒரு கேள்வியை வைக்கிறேன்: உங்கள் கருவி ஓராண்டு கழித்து, வேறோர் ஊரில், வேறொருவர் கையில் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இத்துறை வேரூன்றிய இடம் தேயிலை. சி-டாக் என்னும் கணினி ஆய்வு நிறுவனத்தின் கொல்கத்தா மையமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கருப்புத் தேயிலை நொதிக்கும்போது எழும் மணத்தை உணரிகளால் தொடர்ந்து அளந்தன. பறித்த இலையை வாட்டி, உருட்டிப் பரப்பிய பின் பச்சை வாடை குறையத் தொடங்குகிறது, பூமணம் எழுகிறது, இலை செப்பு நிறத்துக்கு வருகிறது. அந்த வேளையில் உலர்த்தியில் போடாமல் தாமதித்தால் மணம் போய்விடும். தொழிற்சாலைகளில் அனுபவமுள்ளவர் கை நிறைய இலையை அள்ளி முகர்ந்துதான் அந்த வேளையைச் சொல்வார். லினலூல், ஜெரானியால், மெத்தில் சாலிசிலேட் என்று பல சேர்மங்கள் கூடியும் குறைந்தும் வரும் கலவை அது. மின்னணு மூக்குக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. நீலகிரியிலும் வால்பாறையிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு இது போய்ச் சேர வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் அங்கே மழைக்காலத்தில் மூடுபனி உள்ளேயே வந்துவிடும். அந்த ஈரத்தைத் தாங்கிக் காட்டிய பிறகே தொழிற்சாலைக்காரர்களிடம் பணம் கேட்கலாம். கருவிக்கு மதிப்பெண் கற்றுத்தந்த தேயிலைச் சுவைஞர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு மாறுபட்டார்கள் என்பதையும் கட்டுரையில் அச்சிடுங்கள். அவர்கள் உங்கள் ஆய்வின் பங்காளிகள். அவர்கள் தீர்ப்பைவிட உங்கள் கருவி துல்லியமாக இருக்க வழியில்லை.

மூச்சுச் சோதனையில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. லைனஸ் பாலிங் 1971-இல் மனித மூச்சில் ஏறத்தாழ 250 பொருள்களைக் கண்டார். நீரிழிவு கட்டுமீறிக் கீட்டோன்கள் பெருகும்போது மூச்சில் அசிட்டோன் வாடை வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். காசநோயையும் நுரையீரல் புற்றுநோயையும் இவ்வாறே கண்டறியலாம் என்ற நம்பிக்கையில் பல நாடுகளில் ஆய்வுகள் நடக்கின்றன. அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் நோயாளிகளின் மூச்சை வார்டில் எடுத்து, நலமுள்ளவர்களின் மூச்சைக் கல்லூரி அறையில் எடுத்தால், கருவி கற்றுக்கொள்வது வார்டின் கிருமிநாசினி வாடையாக இருக்கலாம். புகைப்பழக்கம், காலையில் உண்டது, உட்கொள்ளும் மருந்து எல்லாமே மூச்சில் வரும். ஒரு மனிதரிடம் ‘உங்களுக்குப் புற்றுநோய்’ என்று சொல்லப்போகும் கருவியிடம் நாம் இரக்கம் காட்டக் கூடாது.

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் மரணங்களுக்கு வருகிறேன். செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்கியவர்கள் மூச்சடைத்துச் சாகிறார்கள்; காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாகிறார். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகச் சிறிய அளவிலேயே அழுகிய முட்டை வாடை தரும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது முகரும் நரம்பையே அது மரத்துப்போகச் செய்கிறது. வாடை போய்விட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்பி மேலும் ஓர் அடி இறங்குபவர் அங்கேயே விழுகிறார். மீத்தேனுக்கு வாடையே கிடையாது. மூக்கை நம்ப முடியாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். இருந்தாலும் அறிவியலாளராக ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இதற்கு மின்னணு மூக்கு தேவையில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன், எரியும் வாயு ஆகிய நான்கையும் அளக்கும் கையடக்கக் கருவி நெடுநாளாகச் சந்தையில் இருக்கிறது. உரிய பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுக்குள் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. நாம் செய்யும் எந்தக் கருவியும் ஒரு தொழிலாளியை உள்ளே அனுப்பத் தரும் அனுமதிச் சீட்டாகிவிடக் கூடாது. இயந்திரத்தின் முனையில் அதைப் பொருத்துங்கள், மனிதரின் கழுத்தில் மாட்டாதீர்கள்.

எந்த வாயு என்று தெரிந்த இடத்தில் அதற்குரிய உணரி போதும். பல மணங்கள் கலந்து மாறும் இடத்தில்தான் நம் துறைக்கு வேலை. மீன் அப்படிப்பட்ட இடம். கடல் மீன் கெடும்போது பாக்டீரியாக்கள் டிரைமெத்தில் அமீனை உண்டாக்குகின்றன; அமோனியாவும் கூடுகிறது. வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, முடிவு செய்கிறார். மீனுக்கு மீன் இந்த மாற்றம் வேறுபடும். மத்தி கெடும் வேகமும் வஞ்சிரம் கெடும் வேகமும் ஒன்றல்ல.

ஆகவே நம் கல்லூரிகள் கூடிச் செய்யக்கூடிய ஒரு வேலையை முன்மொழிகிறேன். காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய மூன்று துறைமுகங்களில், சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும், ஒரே முறையில் மீன் மாதிரிகளை அளந்து, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் உடன் பதிந்து, ஆய்வகத்தில் அமீன் அளவையும் கண்டு, முழுத் தரவையும் பொதுவில் வைப்போம். பெரிய செலவு இல்லை. பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். இதற்கு ஒரு குழு அமைக்கும் தீர்மானம் நாளை மாலை பொதுக்கூட்டத்தில் வருகிறது. விரும்புவோர் இன்றே பெயர் தரலாம்.

முதல் அமர்வு உணரிகளின் நாள்பட்ட நகர்வு பற்றியது. கட்டுரை படிப்பவர்கள் தங்கள் பழைய அளவீடுகளையும் புதிய அளவீடுகளையும் ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டுகிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.