டைல்ஸ் தரையும் எங்க வீட்டு முயலும்



ஆண்டு விழாவில் பேசணும்னு சொன்னதும், குழுக்கடனில் ஆடு வாங்கினதைப் பற்றிப் பேசலாம்னுதான் இருந்தேன். எங்க குழு ஊக்குநர் அக்காதான், "அதை எல்லாரும் பேசுவாங்க. நீ வீட்டுக்குள்ள முயல் வச்சிருக்கியே, அதைச் சொல்லு. பிள்ளைங்க முயல் கேட்டு அழுவுதுன்னு நாலு பேர் என்கிட்ட வந்துட்டாங்க" என்றார். அதனால் சிரிக்காமல் கேளுங்க.

முதலில் எங்க வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்லணும். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியக்காலை கஜா புயலில் எங்க கூரை வீடு போயிடுச்சு. உங்களில் பாதிப் பேருக்கு அதே கதைதான், நான் விளக்க வேண்டாம். அப்புறம் அரசாங்க வீடு வந்து, பத்தாத பணத்துக்குக் குழுவில் கடன் வாங்கி, 2021ல் தளம் போட்டோம். கூடத்துக்கு மட்டும் வெள்ளை டைல்ஸ். "சிமெண்டுத் தரை போதுமே" என்று எங்க வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் பிடிவாதமா நின்னேன். சாணி மெழுகி மெழுகிக் கை வெந்தவள் நான். அந்தத் தரையில் ஒரு சோத்துப் பருக்கை கிடந்தாக்கூட எனக்குத் தூக்கம் வராது.

அந்த வீட்டில்தான், ஏழாம் வகுப்பு படிச்ச என் மகள் முயல் வேணும்னு நின்னாள். மூத்திரம், புழுக்கை, முடி, நாத்தம், இது நாலையும் சொல்லி முடியாதுன்னுட்டேன். கொல்லையில் வச்சுக்கன்னா, அங்கே தெருநாய், பூனை, கீரி. மழைக்காலத்தில் பாம்பு. கூண்டோடு காலி ஆயிடும். உள்ளே வச்சா என் தரை போச்சு. இப்படியே மூணு மாசம் ஓடினது. கடைசியில் அவங்க அப்பா திருவாரூர் கடைத்தெருவில் 300 ரூபாய்க்கு ஒரு வெள்ளை முயல் வாங்கிட்டு வந்துட்டார். பஞ்சுன்னு பேர் வச்சாள்.

ஒரு வாரம் தாழ்வாரத்தில் கூண்டில் இருந்தது. பிஸ்கட்டு, சோறு, முறுக்கு என்று வீட்டில் இருந்ததெல்லாம் போட்டோம். அது கழிய, நாத்தம் கூடத்துக்கு வந்துவிட்டது. நான் சொன்னேன், "குளிப்பாட்டினாத்தான் இந்த வீட்டுல இருக்கும், இல்லேன்னா திருப்பிக் குடுத்துடுவேன்." மார்கழி மாசம், சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். நான் தண்ணீர் ஊத்தினேன், அவள் ஷாம்பு தேய்ச்சாள். துணியால் துடைச்சும் அந்த முடி காயவே இல்லை. ராத்திரி முழுக்க நடுங்கினது. விடிஞ்சு பார்த்தால் விறைச்சுக் கிடந்தது.

அப்புறம் ஆட்டுக்கு ஊசி போடப் போனப்ப கால்நடை டாக்டரிடம் கேட்டேன். முயலைக் குளிப்பாட்டவே கூடாதாம். பூனை மாதிரி தன்னைத் தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்கும். நனைஞ்சால் அதன் முடி லேசில் காயாது, குளிர் உள்ளே இறங்கிடும். பயத்திலேயே உயிர் போறதும் உண்டாம். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைச்சு உடனே காய வைக்கணும். அவ்வளவுதான்.

இதை நான் வீட்டில் போய்ச் சொல்லவில்லை. என் மகள் அழுது முடிச்சுட்டாள்னு நினைச்சேன். ஆனால் அவள் மனசுக்குள், தான் சரியாகத் துடைக்காததால்தான் செத்துப்போச்சுன்னு வச்சிருக்கிறாள். பரீட்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி உட்கார வச்சு, "குளிப்பாட்டச் சொன்னது நான். தண்ணி ஊத்தினதும் நான். உன் மேல தப்பு இல்ல" என்றேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் "டைல்ஸுக்காகவாம்மா?" என்று கேட்டாள். ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்?

மறுநாள் எங்க அத்தை என்னைக் கூப்பிட்டாங்க. "இஞ்ச பாரும்மா, நீயும் நானும் கட்டுத்தறியில மாட்டு மூத்திரத்தை மிதிச்சு வளர்ந்தவங்க. டைல்ஸ் போட்டதும் மூக்கு மாறிடுச்சா? புள்ளைக்கு இன்னொண்ணு வாங்கிக் குடு. இந்தத் தடவை கேட்டுக்கிட்டுச் செய்வோம்" என்றாங்க. இளைப்பு இருக்கிற மனுஷி, அவங்களே சொன்ன பிறகு நான் என்ன பேசறது.

ஆடியில் இரண்டாவது முயல் வந்தது. சாம்பல் நிறம், பெட்டை. வித்தவர் ஜோடியா வாங்கிக்கச் சொன்னார். வாங்காதீங்க அக்கா. ஆணும் பெண்ணும் ஒண்ணா இருந்தால் 31 நாளில் குட்டி. குட்டி போட்ட கையோடு மறுபடியும் சினையாயிடும்.

சுத்தத்துக்கு வரேன், அதுதானே எல்லாரும் கேட்கிறது. முயல் கண்ட இடத்தில் கழியாது. ஒரு மூலையைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயேதான் மூத்திரம் பெய்யும். அந்த மூலை எதுன்னு இரண்டு நாள் விட்டுப் பார்க்கணும். உடைஞ்ச பிளாஸ்டிக் டப்பை விளிம்பு தாழ வெட்டி அங்கே வச்சோம். அதன் மூத்திரம் பட்ட காகிதத்தையும் கொஞ்சம் புழுக்கையையும் அதிலேயே போட்டோம், வாசனை பிடிச்சுக்கிட்டு வரும். டப்பின் ஒரு பக்கத்தில் புல்லைச் செருகிடணும். தின்னுகிட்டே கழியறது அதன் பழக்கம். பத்து நாளில் படிஞ்சுடுச்சு.

டப்புக்குள் என்ன போடறது? நம்ம ஊரில் மில்லுக்கு மில் உமி குவிஞ்சு கிடக்கு, அதைத்தான் போட்டேன். ஆனால் உமி ஈரத்தை இழுக்காது, மூத்திரம் அடியில் தேங்கி நாறினது. இப்ப அடியில் பழைய பேப்பர், அதுக்கு மேலே தென்னை நார்க் கழிவு, மேலாக உமி. தூசி பறக்காமல் நார்க் கழிவை லேசாகத் தண்ணீர் தெளிச்சு வைப்பேன். தினம் ஒரு தடவை மாத்தினால் நாத்தமே இல்லை. புழுக்கை காய்ஞ்ச மிளகு மாதிரி இருக்கும், பெருக்கி அப்படியே கத்தரிச் செடிக்குப் போடறேன். மக்க வைக்கவே வேண்டாம்.

தரையில் மூத்திரம் காய்ஞ்சால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தடம் விழும். புளித் தண்ணி ஊத்திக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்ச்சால் போயிடும். சில நாள் மூத்திரம் செவப்பாக இருக்கும். நான் ரத்தம்னு பயந்து டாக்டரிடம் ஓடினேன். தின்ன தழையின் சாயம் அது. ஆனாலும் முக்கி முக்கிப் பெய்தாலோ தின்னாமல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிடணும்.

இன்னொண்ணு, சொல்லவே கூச்சமாக இருக்கு. தன் புழுக்கையைத் தானே தின்னும். பார்த்த அன்னிக்கு எனக்குக் குமட்டல். அது கெட்டியான புழுக்கை இல்லை, மெத்துனு வர்ற வேற வகை. மாடு அசை போடுற மாதிரி, முதல் தடவை செரிக்காத சத்தை இப்படி இரண்டாம் தடவை எடுத்துக்குது. தடுத்தால் முயலுக்குத்தான் கெடுதி.

அப்புறம் என் டைல்ஸ். சொன்னால் நம்ப மாட்டீங்க, முயலுக்கு அது பிடிக்கவே இல்லை! கால் வழுக்குதாம். நாங்க விரிச்ச சாக்கை விட்டு இறங்காது. இத்தனை நாள் நான் காவல் காத்த தரையை அது திரும்பிக்கூடப் பார்க்கலை.

தீனிக்குப் புல்தான் முக்கியம். அருகம்புல் வேணுங்கிற அளவு, கூடக் கொஞ்சம் முருங்கைத் தழை, அகத்தி. பல் சாகிற வரைக்கும் வளர்ந்துகிட்டே இருக்கும், அது தேயணும்னால் நார் கடிக்கணும். சோறு, பிஸ்கட்டு கூடாது, அதில்தான் கழிச்சல். வரப்புப் புல் அறுக்கும்போது, அந்த வயலுக்கு மருந்து அடிச்சிருக்கான்னு கேட்டுட்டு அறுங்க. கரண்ட் ஒயரைக் கடிக்கும், தூக்கிக் கட்டிடுங்க. அத்தைக்கு இளைப்பு இருப்பதால் முடி சீவுறதும் டப்பு மாத்துறதும் தாழ்வாரத்தில்தான்.

வெயில்தான் பெரிய பயம். முயலுக்கு வேர்க்காது, காது வழியாகத்தான் சூடு இறங்கணும். ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவிலும், கொடைக்கானல் மேலே மன்னவனூரிலும் ஆராய்ச்சி நிலையங்களில் முயல் வச்சிருக்காங்க. அது குளிர்ந்த மலை. இங்கே அக்னி நட்சத்திரத்தில் கூடத்து ஃபேனுக்குக் கீழேதான் அதன் இடம். தண்ணீர் பாட்டிலை உறைய வச்சுத் துணி சுத்திப் பக்கத்தில் போடறோம், அதில் சாய்ஞ்சு படுத்துக்கும்.

எங்க வீட்டுக்காரர் அறுவடை மிஷின் ஓட்டுறவர். வயலில் குட்டி முயல் அகப்படும், பிள்ளைங்க எடுத்துட்டு ஓடும். அதை விட்டுடச் சொல்லுங்க. அது காட்டு முயல், வீட்டு முயலுக்கு வேற சாதி. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது குற்றம். ஒரு சகோதரி, முயல் பண்ணைக்கு லோன் போடலாமான்னு கேட்டாங்க. எனக்கு வீட்டில் ஒரு முயல் வச்ச அனுபவம்தான். பண்ணை வேற கணக்கு. நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிச்சுட்டு, யார் வாங்குவாங்கன்னு தெரிஞ்சுகிட்டு அப்புறம் குழுவில் பேசுங்க.

இந்த முயலுக்கு ரொம்ப நாள் பேர் இல்லை. என் மகள் வைக்கவே மாட்டேன்னுட்டாள். போன பொங்கலுக்குத்தான் மிளகுன்னு கூப்பிட ஆரம்பிச்சாள். டப்பு மாத்துறது அவள் வேலை. அவள் பள்ளிக்கூடம் விட்டு வர நாலரை ஆகும். மத்தியானத் தண்ணீர் பாட்டில் என் பொறுப்பு, அதுக்கு நேரமாச்சு. கிளம்பறேன்.