படத்தைப் பார்க்காத பள்ளி



தலைமை உரை நீண்டால் தேநீர் இடைவேளை போய்விடும். ஆகவே ஒன்றை மட்டும் பேசுகிறேன். ஒரு மாணவி தன் அந்தரங்கப் படத்தை நம்பிக்கையான ஒருவனுக்கு அனுப்புகிறாள். அவன் அதை நண்பனுக்கு ஃபார்வர்டு செய்கிறான். மறுநாள் அது பதினோராம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. அதன்பின் பள்ளி என்ன செய்கிறது என்பதே என் பொருள்.

போனைப் பறித்த ஆசிரியர், ஆதாரம் வேண்டுமே என்று படத்தைத் தலைமையாசிரியருக்கு அனுப்புகிறார். அவர் தாளாளருக்கு அனுப்புகிறார். பெற்றோரை வரவழைத்து, போனை மேசைமேல் வைத்து, "உங்க பொண்ணு லட்சணத்தைப் பாருங்க" என்கிறார்கள். முடிவில் மாணவிக்கு டிசி. பையன்களிடம் ஒரு மன்னிப்புக் கடிதம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பரப்பியவர்கள் வரிசையில் பள்ளியும் சேர்ந்துவிட்டது.

18 வயதுக்கு உட்பட்டவரின் பாலியல் படத்தை மின்வழியில் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ் குற்றம். முதல்முறையே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். நல்லெண்ணத்தில்தான் அனுப்பினேன் என்று காவல் நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை எந்த ஆசிரியருக்கும் வர வேண்டாம். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு 2020இல் வந்த வழிகாட்டுதல் இதில் தெளிவானது: படத்தைப் பார்க்காதே, நகலெடுக்காதே, யாருக்கும் அனுப்பாதே. என்ன படம் என்று பிள்ளையின் வாயால் கேட்டுக்கொண்டாலே நடவடிக்கைக்குப் போதும்.

அடுத்தது, யாரைத் தண்டிப்பது? 39 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த கட்டுரையின்படி, இத்தகைய செய்தியோ படமோ அனுப்பிய பதின்வயதினர் 14.8 சதவீதம், பிறருடையதை அனுமதியின்றிப் பரப்பியவர்கள் 12 சதவீதம். பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியத் தரவுகள்தாம். இருந்தாலும் நம் விசாரணைகள் முதல் எண்ணிக்கையைச் சேர்ந்தவரைத் தேடிப் பிடித்துவிட்டு இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன. நம்பி அனுப்பியவளும் வேடிக்கைக்காகப் பரப்பியவனும் ஒரே தவறு செய்தவர்கள் அல்லர். அவளுக்கு டிசி கொடுப்பது, என்னைப் பொறுத்தவரை, பள்ளி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை. அதற்கு ஒழுக்கம் என்று பெயர் சூட்ட வேண்டாம்.

2004இல் டெல்லிப் பள்ளி மாணவர் இருவரின் படப்பதிவு கைப்பேசிகளில் பரவி, இணைய ஏலத் தளத்தில் விற்பனைக்கே வந்தது. தளத்தின் தலைமை நிர்வாகி கைதானார். 2008இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் திருத்தப்பட்டது. தளங்களின் பொறுப்பைப் பற்றி அன்றுமுதல் நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். வகுப்பறையின் பொறுப்பைப் பற்றி எழுதியது சொற்பம்.

அமெரிக்காவின் 'டேக் இட் டவுன்' சேவையில் படம் பிள்ளையின் போனைவிட்டு வெளியே போவதில்லை. அதன் எண்ணியல் ரேகை மட்டுமே போகிறது. அதைக்கொண்டு, திட்டத்தில் சேர்ந்த தளங்கள் படத்தை நீக்குகின்றன. ஆனால் வாட்ஸ்அப் குழு போன்ற மறையாக்க உரையாடல்களுக்குள் இது எட்டாது. அங்கே வகுப்பாசிரியர்தான் வேண்டும்: எவர் போனையும் வாங்கிப் பார்க்காமல், "இது இனி ஒருத்தருக்கும் போகக் கூடாது" என்று அன்றைக்கே நேருக்கு நேர் சொல்ல.

எனக்கே விடை கிடைக்காத சிக்கல் ஒன்று உண்டு. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு 21ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை வைத்திருக்கிறது. சொன்னால் போலீஸ் வரும் என்று தெரிந்த பிள்ளை ஆலோசகரிடம் வாய் திறக்குமா? இங்கிலாந்தில் 2016 முதல், குற்றம் எனப் பதிவு செய்தும், பொதுநலன் கருதி மேல்நடவடிக்கை வேண்டாம் என்று காவல்துறை முடித்துக்கொள்ள வழியிருக்கிறது. சமவயதுப் பிள்ளைகளுக்கு இங்கும் அப்படியொரு வழி சட்டத்துக்குள்ளேயே திறக்குமா? பிற்பகல் அமர்வில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மழுப்பாத பதிலை அவர்களிடம் எதிர்பார்க்கிறேன்.