மூளைப் படமும் முதியோர் மறதியும்



திருக்குறளின் 54-ஆம் அதிகாரம் பொச்சாவாமை. மகிழ்ச்சி மிகுதியால் கடமையை மறப்பதை வள்ளுவர் அங்கே குற்றமெனக் கடிகின்றார். குற்றமல்லாத மறதியும் ஒன்றுண்டு. 1906-ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்தது அம்மறதியையே. நோயுற்ற பெண்மணி இறந்த பின்னரே அவருடைய மூளையை அவரால் ஆராய முடிந்தது. இன்றோ உயிருடன் இருப்பவரின் மூளையையே படமெடுக்க இயலுகின்றது.

மூளையில் கடற்குதிரை வடிவில் அமைந்த ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி, புதிய நினைவுகள் பதியத் துணைபுரிவது. இந்நோயில் அது சுருங்குவதை எம்.ஆர்.ஐ. படம் காட்டும். 1990-இல் சப்பானிய அறிஞர் செய்சி ஒகாவா, இரத்தத்தின் பிராணவாயு மாற்றத்தைக் கொண்டு மூளை செயற்படும் இடத்தை அறிய வழிகண்டார். கருவியினுள் படுத்திருப்பவருக்கு முகங்களையும் பொருள்களையும் காட்டுவர். பின்னர்ப் புதிய படங்களைக் கலந்து, முன்னர்க் கண்டவை எவையென வினவுவர். நோய் முற்றியவரிடம் ஹிப்போகேம்பஸின் செயற்பாடு குன்றக் காண்கின்றனர். ஆயின், தொடக்க நிலையினர் சிலரிடம் அது மிகுந்தே காணப்படுவது வியப்பிற்குரியது.

இத்தகைய ஆய்வு நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுர வட்டாரச் சிற்றூர்களில் 45 வயதைக் கடந்தோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய முற்பட்டுள்ளது. எம்.ஆர்.ஐ. படமும் அவ்வாய்வில் அடங்கும்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில், பள்ளி வாசலை மிதியாமல் சிறு வயதிலேயே தீப்பெட்டி ஒட்டி மூத்த தாய்மார் பலர். எழுதப் படிக்க வேண்டிய சோதனையில் அவர்கள் தவறினால், அது நோயா, கல்லாமையா? கோட்டோவியங்களும் அவர்களுக்குப் பழக்கமற்றவையாகலாம். தீப்பெட்டி லேபிளும் நாட்காட்டியும் அச்சிட்டுப் புகழ்பெற்ற ஊர் சிவகாசி. அவர்கள் கண்ணுக்குப் பழகிய வகையில், ஆனால் முன்பு கண்டிராத படங்களைக் கொண்டு சோதித்தால், புதிய நினைவு பதிகின்றதா என்பது தெளிவாகும்.

படம் மட்டுமே நோயை முடிவு செய்வதன்று. பி12 உயிர்ச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் மனச்சோர்வும்கூட மறதியைத் தரும். அவை மருத்துவத்திற்குக் கட்டுப்படுபவை. எனவே, மகனை அடையாளம் காணாது திகைக்கும் தாயை, 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்குவதும், 'வேண்டுமென்றே செய்கிறாள்' என்று சினப்பதும் தகா. காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே பிள்ளைகளின் கடன். அவள் மறந்தாலும், அவளை மறவாதிருத்தல் நம் கையில் உள்ளது. அதில் தவறுவதே வள்ளுவர் கடிந்த பொச்சாப்பு.