ஆற்றைக் கேட்டுத் தரும் அனுமதி

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஆமைப் பண்ணைகள் இருக்கின்றன. குளத்தில் தாய் ஆமைகளை வளர்க்கிறார்கள். அவை கரையேறி இடும் முட்டைகளைத் தோண்டியெடுத்துப் பொரிக்க வைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகளை விற்கிறார்கள். 1975இல் அந்நாட்டு அரசு, ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவாக உள்ள ஆமையை விற்கக் கூடாது என்று தடை போட்டது. வீட்டு ஆமைகளிடமிருந்து குழந்தைகளுக்கு சால்மோனெல்லா கிருமி தொற்றியதே காரணம். ஏற்றுமதிக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. உள்ளூரில் விலைபோகாத குஞ்சுகள் கடல் கடந்தன.

அடுத்த இருபது ஆண்டுகளில் வேறொரு சந்தை வளர்ந்தது. ஆமை இறைச்சிக்கும் மருந்துக்கும் சீனாவில் தேவை பெருகி, தென்கிழக்காசிய ஆறுகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. வாங்குவோரின் கண் அமெரிக்கா பக்கம் திரும்பியது. பண்ணைக் குஞ்சுகளோடு, ஆற்றிலும் ஏரியிலும் பிடித்த பெரிய ஆமைகளும் விமானம் ஏறின. கடிக்கும் ஆமை என்று பெயரெடுத்த ஸ்னாப்பிங் ஆமை, நம் பாலாமையைப் போல் ஓட்டின் மேல் தோல் போர்த்திய மென்னோட்டு ஆமைகள், இவையெல்லாம் அதில் அடக்கம்.

பிடித்தால் என்ன, மீனைப் போல மறுபடி பெருகிவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். பெருகாது. கனடாவின் அல்கான்குவின் பூங்காவில் 1972 முதல் கடிக்கும் ஆமைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தக் குளிர்நாட்டில் ஒரு பெண் ஆமை முதல் முட்டை இட ஏறக்குறைய 17 முதல் 19 ஆண்டுகள் ஆகின்றன. இட்ட முட்டைகளில் பெரும்பகுதியை ரக்கூனும் நரியும் தோண்டித் தின்றுவிடும். தப்பிய குஞ்சுகளிலும் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. ஆனாலும் அந்த இனம் நிலைத்திருக்கிறது என்றால், வளர்ந்த ஆமை பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து ஆண்டுதோறும் முட்டையிட முயல்வதுதான் காரணம். வியாபாரி தேடிப் பிடிப்பதோ அந்த வளர்ந்த ஆமையைத்தான். எடை அதில்தானே இருக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்று 1994இல் வெளியானது. பதினைந்து வயதைக் கடந்த ஆமைகளில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து கூடுதலாகச் செத்தால், இருபது ஆண்டு முடிவதற்குள் அவற்றின் தொகை பாதியாகிவிடும் என்று அது கணக்கிட்டது. நூற்றுக்குப் பத்து என்பது ஒரு வேட்டைக்காரருக்குச் சொற்பமாகத் தெரியும். இழப்பு கண்ணுக்குப் படுவதற்குள் ஒரு தலைமுறை ஆமை போயிருக்கும்.

இந்த இழப்பைத் தடுக்கும் கருவி, நாடு கடந்த காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம். 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976இல் சேர்ந்தது. அதில் மூன்று பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியலில் உள்ள காட்டுயிரைப் பிடித்து வணிகம் செய்யவே முடியாது. இரண்டாம் பட்டியலில் உள்ளதை அனுமதியோடு அனுப்பலாம். மூன்றாம் பட்டியல், ஒரு நாடு தன் உயிரினத்துக்காகப் பிற நாடுகளிடம் ஒத்துழைப்புக் கேட்டுத் தானே சேர்ப்பது.

அமெரிக்கா முதலில் மூன்றாம் பட்டியலைத்தான் நாடியது. 2006இல் அலிகேட்டர் ஸ்னாப்பிங் ஆமையும், ஓட்டில் நிலப்படம்போல் கோடோடும் மேப் ஆமைகளும் சேர்ந்தன. 2016 நவம்பரில் கடிக்கும் ஆமையும் மூன்று மென்னோட்டு ஆமை இனங்களும் சேர்ந்தன. அன்று முதல் அங்கிருந்து உயிரோடு அனுப்பினாலும், இறைச்சியாக, ஓடாக, முட்டையாக அனுப்பினாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் அந்தச் சீட்டு கேட்ட முக்கியக் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆமை சட்டப்படி கிடைத்ததா? ஆமை பிடிக்கும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. புளோரிடா 2009இல் காட்டு நன்னீர் ஆமைகளை வணிகத்துக்காகப் பிடிப்பதையே நிறுத்திவிட்டது. வேறு சில மாநிலங்களில் கட்டுப்பாடு தளர்வாகவே இருந்தது. எவ்வளவு பிடித்தாலும் சட்டப்படிதான் என்று ஒரு மாநிலம் சொன்னால், சீட்டும் தலையசைக்கும்.

2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு இந்த ஓட்டையை அடைத்தது. அமெரிக்கா முன்மொழிய, கடிக்கும் ஆமையும் அலிகேட்டர் ஸ்னாப்பிங் ஆமையும் மென்னோட்டு ஆமைகளும் இரண்டாம் பட்டியலுக்கு ஏறின. 2023 பிப்ரவரி 23 முதல் அது செல்லுபடியாகிறது. இப்போது இரண்டாவது கேள்வியும் உண்டு: இந்த ஏற்றுமதியால் அந்த இனத்தின் பிழைப்புக்குக் கேடு வருமா? பதில் சொல்வது வணிகரல்லர், அறிவியல் அதிகாரிகள். அவர்கள் கேடில்லை என்றால்தான் சீட்டு. அதன் ஆயுள் ஆறு மாதம். இந்த விதிகளிலேயே மதிப்புள்ளது இந்தக் கேள்விதான் என்பேன். இது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆமைகளுக்காகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

சீட்டில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. காட்டில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று ஒற்றை எழுத்தால் குறிப்பார்கள். முழு விதியும் அந்த எழுத்தின் நேர்மையில் நிற்கிறது. காட்டில் பிடித்த தாயைப் பண்ணைக் குளத்தில் விட்டுவிட்டு, அதையே பண்ணை ஆமை என்று எழுதிவிட்டால் ஆறு காலியாவது காகிதத்தில் தெரியாது. ஆகவே தாய் ஆமைகள் எங்கிருந்து, எப்போது, யார் பிடித்து வந்தவை என்ற பதிவேடுகளை அதிகாரிகள் கேட்பது நியாயம். பண்ணைக்காரருக்கு அது தொல்லைதான். ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவருக்கு அதுவே காப்பும்கூட.

சீட்டே வேண்டாம் என்று போகிறவர்களும் உண்டு. 2024 கோடையில் வெர்மான்ட் மாநில எல்லை ஏரி ஒன்றில், 29 பெட்டி ஆமைகளைத் தனித்தனியாகக் காலுறைக்குள் சுற்றி, பையில் வைத்துப் படகில் கனடாவுக்குக் கடத்த முயன்ற ஒருவர் பிடிபட்டார்.

நம் சென்னை விமான நிலையத்திலும் வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் சிவப்புக்காது ஆமைக் குஞ்சுகளைச் சுங்கத்துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இனம் அது. தொட்டியில் வளர்த்துச் சலித்துப்போய்க் குளத்தில் விட்டால், உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் நம் காராமையோடும் பாலாமையோடும் போட்டியிடும். வீட்டில் இருந்தால் தயவுசெய்து குளத்தில் விட்டுவிடாதீர்கள், வனத்துறையைக் கேளுங்கள்.

அதே பனாமா மாநாட்டில் இந்தியா முன்மொழிந்த ஓர் இனமும் ஏற்கப்பட்டது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் ஆறுகளில் மட்டுமே வாழும் லீத் மென்னோட்டு ஆமை, இரண்டாம் பட்டியலிலிருந்து முதல் பட்டியலுக்கு உயர்ந்தது. ஆற்றில் பிடித்த அந்த ஆமையை வணிகத்துக்காக எல்லை தாண்ட விடும் சீட்டு இப்போது எந்த நாட்டிலும் கிடையாது.