எதிர்ப்பொருள் இருந்தால் போதுமா?



எலைசா சோதனையைப் பற்றிப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் கேட்பதுண்டு: “எச்.ஐ.வி. தொற்றியவர் இரத்தத்தில்தான் எதிர்ப்பொருள் இருக்கிறதே, பிறகு ஏன் சார் எய்ட்ஸ் வருகிறது?” நியாயமான கேள்வி. எதிர்ப்பொருள் வைரஸின் மீது ஒட்டினால் மட்டும் போதாது. வைரஸ் செல்லுக்குள் நுழையாமல் தடுக்கவும் வேண்டும். எலைசா காட்டுவது ஒட்டுவதை மட்டுமே.

தடுப்பதை அளக்க வேறு சோதனை உண்டு. வைரஸ் நுழைந்தால் ஒளிரும்படி மாற்றப்பட்ட செல்களை ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். வைரஸையும் எதிர்ப்பொருளையும் கலந்து அவற்றின் மீது விடுகிறார்கள். ஒளி எவ்வளவு குறைகிறதோ, தடுப்பாற்றல் அவ்வளவு அதிகம்.

இந்தக் கணிப்பு மனிதரிடம் பலிக்குமா? 2021-இல் வெளியான ஏ.எம்.பி. ஆய்வுகள் விடை தந்தன. ஆப்பிரிக்கா, அமெரிக்கா உள்ளிட்ட பகுதிகளில் சுமார் 4,600 பேர் பங்கேற்றனர். சிலருக்கு வி.ஆர்.சி.01 என்ற எதிர்ப்பொருளும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத திரவமும் சிரை வழியே செலுத்தப்பட்டன. மொத்தத்தில் தொற்று குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால், ஆய்வகச் சோதனையில் எளிதில் தடுக்கப்பட்ட வைரஸ் வகைகளை மட்டும் தனியே பார்த்தபோது பாதுகாப்பு சுமார் 75 விழுக்காடு!

ஆக, சோதனை பொய்க்கவில்லை. ஓர் எதிர்ப்பொருளால் எல்லா வகைகளையும் தடுக்க முடியவில்லை. இனி உருவாக்கும் தடுப்பூசி எட்ட வேண்டிய அளவுக்கு ஒரு குறியீடு கிடைத்திருக்கிறது. அளவுகோல் சரியானால், பல்லாயிரம் பேரிடம் ஆண்டுக்கணக்கில் சோதிக்கும் முன்பே பயன்தராத தடுப்பூசியை ஒதுக்கிவிடலாம்.

தடுப்பூசி இன்னும் வரவில்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல், அது ஏன் தாமதமாகிறது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்வோம்.