வீட்டு முற்றத்தில் ஒரு பலகை



ஒருவர் தம் அரசியற் கருத்தைப் பலகையில் எழுதித் தம் வீட்டு முற்றத்தில் நாட்டலாமா? ஊரின் அழகைக் காக்கும் பொறுப்புடைய நகர சபை அதனைத் தடுக்கலாமா? இவ்வினா அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வரலாற்றை இன்று நோக்குவோம்.

மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை அடுத்துள்ள செல்வர் வாழும் ஊர் லடூ. 1990 டிசெம்பரில், வளைகுடாப் போர் மூளவிருந்த வேளையில், மார்கிரட் கில்லியோ என்னும் பெண்மணி, போர் வேண்டாம் என்னும் கருத்தமைந்த பலகையொன்றைத் தம் முற்றத்தில் நாட்டினார். அது காணாமற் போயிற்று. மற்றொன்றை நாட்டினார்; அது வீழ்ந்து கிடந்தது. பொலிசாரிடம் முறையிட்டபோது, அத்தகைய பலகையே ஊர் விதிக்கு மாறானது என்றனர். சபையும் விலக்களிக்க மறுத்தது. அவர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் அவ்விதிக்குத் தடை விதிக்கவே, சபை புதிய விதியொன்றை இயற்றியது. அவர் மேன்மாடி யன்னலில் வைத்த சிறு தாளையும் அது தடுத்தது.

சபையின் நோக்கம் தீயதன்று. பலகைகள் பெருகின் ஊரின் பொலிவு கெடும், வீடுகளின் மதிப்புக் குறையும் என அது அஞ்சியது. ஆயினும், வீடு விற்பனைக்கு என்னும் பலகைக்கு அதே விதி இடமளித்தது.

1994 யூன் மாதத்தில் நீதியரசர் அனைவரும் ஒருமுகமாகச் சபைக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்டீவன்ஸ் காட்டிய காரணங்கள் சிந்திக்கத்தக்கவை. பத்திரிகையில் விளம்பரம் செய்யப் பொருளில்லாதவர்க்கும் இப்பலகை எளிதிற் கைகூடும். அயலவரிடம் பேசுவதற்கு இதனினும் நேரிய வழி இல்லை. அன்றியும், யார் வீட்டு வாயிலில் நிற்கின்றது என்பதே அச்சொல்லுக்கு வலிமை தருகின்றது. தம் வீட்டின் மதிப்பைப் பேணும் எவரும் முற்றத்தைப் பலகைகளால் நிரப்பவும் மாட்டார்.

இதனாற் சபைகள் அதிகாரம் அனைத்தையும் இழந்துவிடவில்லை. பலகையின் அளவு, உயரம், வீதியிலிருந்து இருக்கவேண்டிய தூரம் ஆகியவற்றை அவை வரையறுக்கலாம். ஆனால், எழுதப்பட்ட பொருளை நோக்கி ஒன்றுக்குத் தாராளமும் மற்றொன்றுக்குக் கடுமையும் காட்டுதல் மிக அரிதாகவே செல்லும் என்பதை, அரிசோனா மாநிலத்துக் கில்பேட் ஊர் வழக்கில் 2015இல் அதே நீதிமன்றம் வலியுறுத்திற்று.

பலகை வழியை மறைக்கின்றதா என்று வினவுவது சபையின் கடமை. அது சொல்லும் கருத்து உவப்பானதா என்று வினவத் தொடங்கும்போதே விதி தன் எல்லையைக் கடந்துவிடுகின்றது.